ஆறு அசைவுகளும் இரு கைகளும்: விண்கல விளையாட்டுகளில் கட்டுப்பாட்டு மரபுகள்

விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைப் புதிதாக வாங்கியவர் அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்ததும் மலைத்துப் போவது இயல்பு. முடுக்கு, திரும்பு, உருள், பக்கவாட்டில் நகர், சக்கரத்தை இறக்கு, குறிவை, சுடு, குளிர்வி என்று கட்டளைகள் பக்கம் பக்கமாக நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். பெரும்பாலோர் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை கைக்கு வந்த பொத்தானைப் போட்டு நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வரிசை அங்கேயே பிழைபடுகிறது. கலம் எத்தனை விதமாக அசையும் என்பதை முதலில் எண்ணி, அந்த அசைவுகளை இரண்டு கைகளுக்கும் பங்கிட்டு, அதன் பிறகே பொத்தான்களுக்கு வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இத்துறையின் அறுபதாண்டு வரலாறும், உண்மையான விண்கலங்களின் ஓட்டுநர் அறைகளும் இதற்குச் சான்று.

விண்வெளியில் ஒரு கலத்துக்கு ஆறு அசைவுகள் உண்டு. மூன்று திருப்பங்கள்: மூக்கு மேலும் கீழும் போவது பிட்ச், மூக்கு இடமும் வலமும் போவது யா, மூக்கு நின்ற இடத்தில் நிற்க உடல் உருள்வது ரோல். மூன்று நகர்வுகள்: முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும். காரை ஓட்டுபவருக்கு இவற்றில் இரண்டே போதும். விமானி மூன்று திருப்பங்களையும் ஒரு முடுக்கத்தையும் ஆள்கிறார்; மற்றவற்றைக் காற்று பார்த்துக்கொள்கிறது. விண்வெளியில் காற்று இல்லாததால், மூக்கைத் திருப்பினாலும் கலம் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். பூமியைச் சுற்றும் பாதையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற விண்வெளி வீரர் மெக்டிவிட், தாம் ஏறிவந்த டைட்டன் ராக்கெட்டின் காலியான இரண்டாம் கட்டத்தை நெருங்க முயன்றார். இலக்கை நோக்கி மூக்கை வைத்து உந்தும் வழி அங்கே பலிக்கவில்லை. எரிபொருள் வீணாகவே முயற்சியைக் கைவிட நேர்ந்தது. தேர்ந்த விமானியின் பழக்கமே துணை நிற்காத இடம் அது. அங்கே நுழையும் புதியவர் தம் பழைய பழக்கங்களை நம்பிக் கட்டுப்பாடுகளை அமைத்துக்கொள்ள முடியாது.

மரபின் தொடக்கம் 1962இல், எம்.ஐ.டி.யின் பிடிபி-1 கணினியில் எழுதப்பட்ட ஸ்பேஸ்வார். நடுவில் ஈர்க்கும் நட்சத்திரம், அதைச் சுற்றி இரண்டு கலங்கள். சுழல்தல், உந்துதல், சுடுதல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டளைகள். முதலில் கணினியின் சோதனைச் சுவிட்சுகளைத் தட்டித்தான் விளையாடினார்கள். அது கைகளுக்குத் தோதாக இல்லாததால் ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் இருவரும் தனியே கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். இந்த வகையின் முதல் விளையாட்டிலேயே, ஆட்டத்தின் அளவுக்குக் கையின் வசதியும் கவனம் பெற்றிருக்கிறது. 1979இல் அட்டாரி வெளியிட்ட ஆஸ்டராய்ட்ஸ் ஐந்து பொத்தான்களுக்குள் முடிந்தது. அதே ஆண்டின் லூனார் லேண்டர் உந்துவிசைக்கென்று ஒரு நெம்புகோலையே வைத்தது. அழுத்தினால் முழு விசை, விட்டால் ஒன்றுமில்லை என்பது பொத்தான். வேண்டிய அளவு மட்டும் தருவது நெம்புகோல். இந்த வேறுபாடு இன்றும் புதியவர் எடுக்கும் முதல் முடிவாக நீடிக்கிறது.

முப்பரிமாணம் வந்ததும் மரபு கிளைத்தது. முதல் கிளை விமான மரபு. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய எலைட்டில் பிட்ச், ரோல் இரண்டு திருப்பங்களே உண்டு; யா இல்லை. இடப்பக்கம் உள்ள பகையை எதிர்கொள்ள முதலில் உருள வேண்டும், பிறகு மூக்கை இழுக்க வேண்டும். 1990இல் விங் கமாண்டர், 1993இல் எக்ஸ்-விங் ஆகியவை இதே வழியில் ஜாய்ஸ்டிக்கைத் தலைமைக் கருவியாக்கின. இரண்டாவது, ஆறு அசைவுகளையும் ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்துவிடும் மரபு. சுரங்கக் குடைவுகளுக்குள் கலத்தை எல்லாப் பக்கமும் நழுவவிட்ட 1995ஆம் ஆண்டின் டிசென்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது, மூக்கு எங்கே திரும்பினாலும் கலம் பழைய திசையிலேயே மிதந்து போகும் நியூட்டன் மரபு: 1993இன் ஃபிரான்டியர், 1997இன் ஐ-வார், பின்னர் ஆர்பிட்டர், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். நான்காவது சுட்டி மரபு. 2003இல் வந்த ஃப்ரீலான்சரில் மவுஸ் குறி எங்கே போகிறதோ அங்கே மூக்கு போகும், ஜாய்ஸ்டிக்குக்கு அதில் இடமே இல்லை. இன்றைய எலைட் டேஞ்சரஸ், ஸ்டார் சிட்டிசன், எக்ஸ்4 ஆகியவை இந்த நான்கையும் வெவ்வேறு அளவில் கலந்தவை. ஆகவே கையிலுள்ள விளையாட்டு எந்த மரபின் பிள்ளை என்று தெரிந்துகொள்வதே அமைப்பின் முதல் படி. எலைட் டேஞ்சரஸில் யா வேண்டுமென்றே வலுக்குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. பழைய எலைட்டின் உருண்டு இழுக்கும் பழக்கம் அதில் தொடர்கிறது. இதை அறியாதவர் யாவை முதன்மை அச்சாக வைத்துவிட்டு, கலம் மந்தமாகத் திரும்புகிறதே என்று கருவியைக் குறை சொல்வார்.

அடுத்த படி, அசைவுகளைக் கைகளுக்குப் பங்கிடுவது. உண்மையான விண்கலங்களில் இந்தப் பங்கீட்டுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அப்பல்லோ கலத்தில் நகர்வுக்கான பிடி இடக்கையில், திருப்பத்துக்கான பிடி வலக்கையில். சோயுஸ் கலத்திலும் அதே பங்கீடு. 2020இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் பொதுமக்களுக்காக வெளியிட்ட இணைப்புப் பயிற்சித் திரையிலும் நகர்வுப் பொத்தான்கள் இடப்புறம், திருப்பப் பொத்தான்கள் வலப்புறம். வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு காலங்கள். ஆனால் நகர்வும் திருப்பமும் ஒரே கையில் கலக்கக் கூடாது என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். காரணம் எளிது: இரண்டையும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று பாதிக்காமல் செய்ய வேண்டியிருக்கிறது. தட்டச்சுப் பயிற்சியில் விரல்களுக்கு இருப்பிடம் சொல்லிக்கொடுத்த பிறகே சொற்களுக்குப் போவதைப் போல, இங்கும் கைகளுக்கு முதலில் வேலை பிரிக்கப்பட வேண்டும்.

கருவிகளில் இன்று நான்கு பாணிகள் நிலைபெற்றிருக்கின்றன. அவற்றை விலையைக் கொண்டு ஒப்பிடுவதைவிட, ஆறு அசைவுகளில் எத்தனைக்கு அளவுள்ள கட்டுப்பாடு தருகின்றன என்று ஒப்பிடுவதே சரி. கீபோர்டும் மவுஸும் சேர்ந்த பாணியில் மவுஸ் இரண்டு திருப்பங்களை நுட்பமாக ஆளும். மீதி நான்கும் விசைகள், அதாவது முழுதாக உண்டு அல்லது இல்லை. கேம்பேடில் இரண்டு சிறு தடிகள் நான்கு அச்சுகளைத் தருகின்றன. மற்ற இரண்டுக்கு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு தடியின் வேலையை மாற்ற வேண்டும். ஹோட்டாஸ் என்பது வலக்கையில் ஜாய்ஸ்டிக், இடக்கையில் த்ராட்டில். விமான மரபு விளையாட்டுகளுக்கு இது அளந்து தைத்த சட்டை. ஆனால் த்ராட்டில் முன்னோக்கிய வேகம் ஒன்றையே தருவதால், பக்க நகர்வும் மேல்கீழ் நகர்வும் கட்டைவிரல் குமிழுக்கு ஒதுங்கிவிடும். ஹோசாஸ் என்பது இரு கைகளிலும் ஜாய்ஸ்டிக். திருகும் வசதி இரண்டிலும் இருந்தால் ஆறு அச்சுகளும் அளவோடு கிடைக்கும்: இடக்கை நகர்வு, வலக்கை திருப்பம், அப்பல்லோவின் பங்கீடு அப்படியே. இடக்கைக்கும் மாற்றிப் பொருத்தத்தக்க த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற ஜாய்ஸ்டிக்குகள் இந்தப் பாணி பரவ உதவின.

எந்தப் பாணியைத் தேர்ந்தாலும் நான்கு தர அளவுகள் பொருந்தும். முதலாவது, கையை எடுத்தால் கட்டுப்பாடு அமைதியாக இருக்க வேண்டும். விண்டோஸில் ஜாய் டாட் சிபிஎல் என்று தட்டினால் திறக்கும் சோதனைப் பெட்டியில், தடியைத் தொடாதபோது அங்குள்ள சிறு கூட்டல் குறி நடுவில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பழகித் தேய்ந்த ஜாய்ஸ்டிக்கில் அது மெல்ல நடுங்கும், அல்லது ஓரமாக நகர்ந்து நிற்கும். அந்த நடுக்கத்தை மூடும் அளவுக்கு மட்டும் டெட்ஸோன், அதாவது நடுவில் தடியின் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி, வைக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் தடியைத் தள்ளியும் கலம் அசையாத ஒரு வெற்றிடம் உண்டாகும். காந்தப்புலத்தை அறியும் ஹால் உணரி உள்ள கருவிகளுக்கு மிகச் சிறிய டெட்ஸோனே போதும். இரண்டாவது, நடுப்பகுதியில் நுட்பம். தடியின் சாய்வை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தும் வளைவு ஒன்றை வைத்தால், பாதி சாய்த்தபோது எட்டில் ஒரு பங்கு விசைதான் வரும்; குறிவைப்பது எளிதாகும். ஆனால் அதே வளைவு விளிம்பில் நேர்க்கோட்டைவிட மூன்று மடங்கு செங்குத்தாக ஏறுகிறது. ஆகவே மென்மையான வளைவில் தொடங்குவதே புதியவருக்கு நல்லது. மூன்றாவது, திசை உணர்வு: தடியை இழுத்தால் மூக்கு மேலே போவதா கீழே போவதா என்பதை ஒருமுறை முடிவு செய்து, எல்லா விளையாட்டிலும் அதையே வைக்க வேண்டும். நான்காவது, எட்டும் தூரம்: போரின் நடுவில் தேவைப்படும் எதுவும் பிடியை விட்டுக் கையை எடுக்க வைக்கக் கூடாது.

இந்த அளவுகள் ஒன்றாகச் சோதிக்கப்படும் இடம் எலைட் டேஞ்சரஸின் கொரியோலிஸ் என்னும் விண்வெளி நிலையம். 7.5 கிலோமீட்டருக்குள் வந்து அனுமதி கேட்டதும் இறங்குதளத்தின் எண் வருகிறது. நிலையம் சுழல்கிறது, அதன் முகத்தில் உள்ள நீள்சதுர வாயிலும் சுழல்கிறது. பச்சை விளக்கு வலப்பக்கம் இருக்கும்படி ரோலால் வாயிலோடு ஒத்துச் சுழல வேண்டும், பக்க நகர்வால் நடுவுக்கு வர வேண்டும், மேல்கீழ் நகர்வால் உயரத்தைத் திருத்த வேண்டும், வேகத்தையும் அடக்கி வைக்க வேண்டும். உள்ளே போனதும் சக்கரத்தை இறக்கி, தளத்தின் மேல் நின்று, மூக்கைக் குனியாமல் நேராகக் கீழிறங்க வேண்டும். மேல்கீழ் நகர்வுக்கு விசை ஒதுக்காதவர் இந்தக் கடைசி இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்திப் பார்ப்பார். கலம் தளத்தில் மோதும். ஸ்பேஸ்எக்ஸ் பயிற்சித் திரையிலும் இதே பாடம்: இணையும் நேரத்தில் எல்லா எண்களும் 0.2க்குக் கீழே இருந்தால்தான் வெற்றி. சண்டையில் எதிரியின் பிழை நம்மைக் காப்பாற்றிவிடலாம். இறங்குதளத்தில் அப்படி எதுவும் நடக்காது. எனவே ஓர் அமைப்பு தேறியதா என்பதை இறங்கிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகள் எளிதில் தள்ளிவிடத்தக்கவை அல்ல. விளையாட்டை உருவாக்கியவர்களே தந்த இயல்பு அமைப்பு இருக்க, புதியவர் ஏன் கைவைக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. பொத்தான்களைப் பொறுத்தவரை இது சரியே. முதல் வாரங்களில் அவற்றை மாற்றத் தேவையில்லை. ஆனால் இயல்பு அமைப்பு எல்லாக் கைகளுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. உங்கள் தடியின் நடுக்கமோ, நீங்கள் எந்தக் கைப் பழக்கம் உள்ளவர் என்பதோ அதற்குத் தெரியாது. அச்சுகளும் டெட்ஸோனும் திசையும் ஆட்டக்காரர்தான் சரிசெய்ய வேண்டியவை. விலையுயர்ந்த கருவி இல்லாமல் இதெல்லாம் வீண் என்பது இரண்டாவது மறுப்பு. கீபோர்டும் மவுஸும் கொண்டே ஆறு அசைவுகளையும் ஆளலாம் என்பதற்கு இந்த விளையாட்டுகளின் இயல்பு அமைப்பே சான்று. கருவி கூடுவதால் நுட்பம் கூடும், பங்கீட்டின் அறிவு கூடாது. மேலும், எந்த அச்சு தமக்குப் போதவில்லை என்று தெரிந்த பிறகு வாங்குபவர் சரியான கருவியை வாங்குவார்.

மூன்றாவது மறுப்பு நியூட்டன் மரபினருடையது: பறப்புத் துணையை, அதாவது தடியை விட்டதும் கலத்தின் மிதப்பைத் தானாக அடக்கும் வசதியை, முதல் நாளே அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விமானப் பழக்கம் ஊறிவிடும் என்கிறார்கள். அச்சம் நியாயமானது, வரிசைதான் தவறு. துணை இயங்கும்போது தடியை விட்டால் அந்த அசைவு நிற்கும். அதனால் எந்தத் தடி எந்த அசைவைத் தருகிறது என்று தனித்தனியே பார்க்க முடிகிறது. துணையை அணைத்தால் ஒவ்வொரு பிழையும் மிதந்து பெருகும். பிழை கையில் உள்ளதா அமைப்பில் உள்ளதா என்று பிரித்தறிய முடியாது. அமைப்பு சரியென்று உறுதியான பிறகு துணையை அணைத்துப் பழகுவதே முறை. நான்காவது மறுப்பு வலுவானது: விளையாட்டுக்கு விளையாட்டு மரபு மாறும்போது பொது அளவுகோல் எங்கே? கெர்பலில் திருப்ப விசைகள் கீபோர்டின் இடப்புறம், நகர்வு விசைகள் வலப்புறம். அப்பல்லோவுக்கு நேர் எதிர். உண்மைதான். ஆயினும் அங்கும் நகர்வும் திருப்பமும் ஒரு கையில் கலக்கவில்லை. கேப்ஸ் லாக் விசை நுண்கட்டுப்பாட்டைத் தருவதால் நடுப்பகுதி நுட்பம் என்ற அளவும் நிறைவேறுகிறது. எந்தக் கைக்கு எது என்பது மாறலாம். இரண்டையும் பிரிப்பதும், பிரித்ததை மாற்றாமல் காப்பதும் மாறக்கூடாதவை.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு இந்த மரபின் சார்பில் ஒரு வேண்டுகோள். கட்டுப்பாட்டுப் பட்டியலை உடனே நிரப்ப வேண்டாம். ஒரு தாளில் ஆறு அசைவுகளையும் எழுதி, எதிரே கையின் பெயரை எழுதுங்கள். நடுக்கத்தைச் சோதித்து டெட்ஸோன் வையுங்கள், திசையைத் தீர்மானியுங்கள், பறப்புத் துணையை இயங்கவிட்டு ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே செய்து பாருங்கள். பிறகு சுடுதல், வேகம் கூட்டல், சக்கரம் என்று அன்றாடம் தேவைப்படும் சில பொத்தான்களை மட்டும் சேர்த்து, கையால் ஓட்டி இறங்குங்கள். அமைப்பைக் கோப்பாகச் சேமித்து வையுங்கள்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விமர்சகர்களும் கடைக்காரர்களும் கருவிகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அதற்கு முன் கைகளுக்கு வேலையைப் பங்கிட்டுவிட்டவருக்கு எந்தக் கருவியும் உதவும். பங்கிடாதவருக்கு எந்த விலையும் போதாது.