முகம் தஞ்சாவூரில், பெயர் புனேயில்

தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்து கொடுத்த சிப்பாய்ப் படங்களில் என் கண் முதலில் போவது முகத்துக்கு அல்ல, அரைக்கால் சட்டையின் விளிம்புக்கு. வெள்ளைத் துணியில் தொடையைச் சுற்றி ஓடும் நீலப் பல்வரிசைக் கரை. மேலே சீமைச் சிவப்புக் கோட்டு, மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளை வார். கீழே வெறுங்கால், செருப்பு. இடுப்புக்கு மேல் லண்டன், கீழே நம்மூர். சாமி படங்களில் ஆரத்தையும் பதக்கத்தையும் ஒன்றுவிடாமல் எழுதிப் பழகிய கை, கோட்டுப் பித்தான்களையும் அதே சிரத்தையோடு எழுதியிருக்கிறது. பக்கத்தில் கொசுவம் தெரியச் சேலை கட்டிய மனைவி. சீமைக் காகிதம், நீர்வண்ணம், வெளிறிய வானம், காலடியில் மெல்லிய ஒரு பட்டை மண். அவ்வளவுதான் உலகம்.

இந்த அழகில் ஒரு குறை எனக்கு எப்போதும் உறுத்தும். அவன் யார்? குயவனும் அவன் மனைவியும், நெசவாளியும் அவன் மனைவியும் என்று சோடி சோடியாகப் போகும் வரிசையில் சிப்பாயும் ஒரு தொழில்காரன். ஊருக்கு எடுத்துப் போகிற வெள்ளைக்கார அதிகாரிக்கு வேண்டியது தொழிலும் உடுப்பும். ஆளின் பெயர் அல்ல. விதிவிலக்கு வடக்கே உண்டு. டெல்லியில் கம்பெனி அதிகாரி வில்லியம் ஃபிரேசருக்காக 1815 வாக்கில் வரையப்பட்ட படைவீரர் படங்களில், புதிதாகச் சேர்ந்தவர்களின் முகங்களோடு பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. தனித்தனி மூக்கு, தனித்தனிப் பார்வை, தனித்தனிப் பெயர். கம்பெனிக் காலச் சிப்பாய் ஓவியத்தில் அதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம்.

பெயரோடு சிப்பாயைத் தேடினால் புனேக்குத்தான் போக வேண்டும். அங்கும் தூரிகைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1790களில் கம்பெனியின் ரெசிடெண்ட் சார்லஸ் மாலெட்டின் ஏற்பாட்டில், மராட்டிய ஆட்சியாளர் பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவிலேயே ஓவியப் பள்ளி நடந்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வேல்ஸ் கற்றுக்கொடுத்தார். கங்காராம் தாம்பட் போன்ற அருமையான கைகள் அங்கிருந்து வந்தன. 1790இல் மாலெட் பேஷ்வாவோடு திப்புவுக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்ட தர்பாரை, வேல்ஸ் விட்டுச்சென்ற படங்களை வைத்து தாமஸ் டேனியல் 1805இல் பெரிய ஓவியமாக்கினார். அதில் பேஷ்வா சவாய் மாதவராவையும் அமைச்சர் நானா பட்னவிஸையும் விரல் நீட்டிக் காட்டலாம். பெரிய மனிதர்களுக்கு முகமும் பெயரும் சேர்ந்தே கிடைத்துவிட்டன.

சாதாரணச் சிப்பாய்க்குப் புனே கொடுத்தது ஓவியம் அல்ல, கல். நகர் ரோட்டில் வடகிழக்காகப் போனால் பீமா ஆற்றங்கரையில், பெர்ணேயில் நிற்கும் ஜயஸ்தம்பம் என்னும் வெற்றித்தூண். 1818 ஜனவரி 1 அன்று, சிரூரிலிருந்து இரவெல்லாம் நடந்து வந்த கம்பெனிப் படைக் காப்டன் ஸ்டாண்டனின் சுமார் 800 பேர், எதிர்க்கரையிலிருந்த கோரேகாவ் கிராமத்துக்குள் நின்று பேஷ்வாவின் படையைப் பகல் முழுதும் தடுத்தார்கள். பெரும்பாலோர் பம்பாய்க் காலாட்படை. இரண்டு பீரங்கிகளை ஓட்டியவர்கள் மெட்ராஸ் பீரங்கிப் படையினர். அவர்களுடைய லெப்டினன்ட் சிஸம் அங்கேயே மாண்டார். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நடந்த சண்டை அது.

அதன் நினைவாக 1821இல் அடிக்கல் நாட்டி எழுப்பிய தூணுக்கு வடிவம் எகிப்திலிருந்து வந்தது. மேலே போகப் போகக் குறுகும் சதுரக் கல். ஆங்கிலேயருக்கு அன்று பிடித்த பாணி, புதுமை ஒன்றுமில்லை. என்னை நிறுத்துவது அதன் கல்வெட்டு. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் செதுக்கிய வாசகங்களில், செத்துப்போன 49 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே நினைவுச் சின்னங்களில் அதிகாரிகள் பெயரே பெரும்பாலும் ஏறும். படைவீரன் எண்ணிக்கையில் அடங்கிவிடுவான். இங்கோ சிப்பாய்கள் வரிவரியாக நிற்கிறார்கள். அவற்றில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. மஹர் சாதியாருக்கே உரிய ஈறு அது. சோம்நாக் கமல்நாக், ராய்நாக் யேஸ்நாக். இரண்டாவது பெயர் தகப்பனுடையது. பேஷ்வா ஆட்சியில் தெருவில் நடக்கவே விதி வகுக்கப்பட்ட அந்தச் சாதியைச் சேர்ந்த ஒருவனும், அவன் தகப்பனும், ஒரே வரியில் கல்லில் ஏறியிருக்கிறார்கள். கம்பெனி தன் பெருமைக்காகத்தான் இதைக் கட்டியது. ஆனாலும் படைப்பட்டியலைப் பார்த்து உளி பிடித்த கல்தச்சர், தெரிந்தோ தெரியாமலோ, தஞ்சாவூர் ஓவியர்கள் செய்யாததைச் செய்துவிட்டார்.

சண்டை நடந்த ஜனவரி 1 அன்று, ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்த லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். எழுத்தை வாசிக்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள். தூணின் உச்சியை விட்டுவிட்டு நேரே கல்வெட்டுக்குப் போய், ஒரு பெயரையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

1890களில் மஹர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். திரும்பச் சேர்க்கச் சொல்லி மனு மேல் மனு போனது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் இந்தத் தூணடிக்கு வந்தார். 1941இல் மஹர் ரெஜிமென்ட் உருவானபோது, வீரர்களின் தொப்பிச் சின்னத்தில் இடம்பிடித்தது இதே தூண். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்துக்குக் குத்துவாள் வந்துவிட்டது. பழைய சின்னம் எங்காவது கண்ணில் பட்டால் தவறவிடாதீர்கள். தஞ்சாவூர்ப் படங்களில் சிப்பாயின் உருவத்தைத் தேர்ந்தவர் யாரோ ஒரு வாங்குபவர். இந்தச் சின்னத்தில் இருப்பது மஹர் வீரனுடைய சொந்த முன்னோர்களின் பெயர் தாங்கிய கல்.