காலையில் அடுப்படியில் யார்?

சென்னை மாரத்தானில் ஓடிய பெண்கள் எழுதும் அனுபவங்களை விரும்பிப் படிக்கிறேன். இருள் பிரியாத சாலையில் அச்சமின்றி ஓடியது, முப்பதாவது கிலோமீட்டரில் கால்கள் மறுத்தது, பதக்கம் வாங்கியபோது அழுதது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் சுவிட்சரின் எண் அட்டையைப் பிடுங்கப் பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்தார். அவர் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் கிடைக்க 1984 ஆனது.

ஆனால் இவ்வெழுத்துகளில் பெரும்பாலானவை ‘மனம் வைத்தால் முடியும்’ என்று முடிகின்றன. அங்கேதான் எனக்கு இடறுகிறது. எங்கள் பேரணாம்பட்டில் விடியுமுன் சமைத்துவிட்டு, ஷூ கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்களுக்கு மனத்திடம் குறைவா? நாளெல்லாம் தையல் மிஷின்முன் குனிந்திருப்பவளுக்கு ஓய்வில்லை, தனக்கென ஒரு காலைப்பொழுதில்லை.

பயிற்சிக்குப் போன காலைகளில் தன் வீட்டு அடுப்பை யார் பற்றவைத்தார்கள் என்று ஓடியவர் ஒரு வரி எழுதலாம். அது அவர் வெற்றியைக் குறைக்காது. மற்ற பெண்கள் ஏன் இன்னும் அந்தச் சாலைக்கு வரவில்லை என்பதைச் சொல்லும்.