விருந்தாளிக்கு ஒரு படுக்கை

விருந்தாளி வருமுன் முதலில் வெயிலுக்குப் போவது மெத்தைதான். படுத்துப் படுத்துக் கட்டி தட்டிப்போன இலவம்பஞ்சு, மொட்டைமாடியில் காய்ந்து, மதியம் ஒருமுறை புரட்டிப் போடப்பட்டு, பிரம்படியும் வாங்கினால் மீண்டும் உப்பி எழும். பதத்தைச் சொல்வது ஓசை: ஈரம் இருக்கும்வரை பொத்தென்று மந்தமாக விழும் அடி, காய்ந்தபின் லேசாகத் துள்ளும். சூடு ஆறிய பிறகே மெத்தை உள்ளே வர வேண்டும். அவசரப்பட்டால் வந்தவருக்கு இரவெல்லாம் முதுகு வேகும். அதற்குள் மின்விசிறி இறக்கைகளைத் துடைத்துவிடலாம். விரிப்பு போட்டபின் துடைத்தால் தூசி அதன்மேல்தான் உதிரும்.

விரிப்புக்குச் சென்னிமலைக் கைத்தறி நல்லது. புதியதைவிட, பலமுறை துவைத்து மெத்தென்றானதே உடம்புக்கு இதம். உதறும்போது காற்றில் படபடத்து இறங்கும் துணியை, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, மூலையை மடித்துச் செருகுவதில் ஒரு கைத்தேர்ச்சி உண்டு. நன்றாகச் செருகிய மூலை விடியும்வரை நழுவாது. கோடையில் மெத்தையே வேண்டாம் என்பவருக்குப் பத்தமடைக் கோரைப்பாய். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலர்த்தினால் போதும், வழவழவென்று குளிர்ந்து கிடக்கும். அலங்காரம் அளவாக இருப்பதே அழகு. ஜாடி நிறையப் பூவைவிட, அலமாரியில் காலியாக விட்ட ஒரு தட்டும், கொக்கியில் துவைத்த துண்டும், தலைமாட்டில் டம்ளர் கவிழ்த்த தண்ணீர்ச் செம்பும் வந்தவரை நிம்மதியாக உட்கார வைக்கும். இரவு விளக்கின் சுவிட்ச் எது என்று படுக்குமுன் காட்டிவிடுவதும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்ததே.