கால்நடை இரத்தச் சோதனை அறிக்கையின் தமிழ்: மூன்று கலைச்சொற்கள்

கால்நடை மருத்துவத்தில் இரத்த உயிர்வேதியியல் சோதனையின் முடிவு எண்ணாக வருகிறது. அதன் பொருளோ சொல்லால் உணர்த்தப்படுகிறது. எனவே அறிக்கையைத் தமிழாக்குவோர் தேரும் சொல், விலங்குக்கு அளிக்கப்படும் சிகிச்சையையும் பாதிக்கக்கூடும். இதற்கு மூன்று சொற்கள் சான்றாகும்.

முதலாவது, 'இயல்பு அளவு'. 1969இல் ஃபின்லாந்து அறிஞர்களான கிராஸ்பெக், சாரிஸ் ஆகியோர் இக்கருத்துக்கு மாற்றாக ஒப்பீட்டு மதிப்பு என்னும் கருத்தை முன்வைத்தனர். நலமுள்ள விலங்குகளுள் நடுப்பட்ட 95 விழுக்காட்டின் மதிப்புகளே இவ்வெல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே நலமுள்ளவற்றுள்ளும் 5 விழுக்காடு எல்லைக்கு வெளியே அமையும். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், நலமுள்ள விலங்கிலும் ஒன்றேனும் எல்லை மீறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. 'இயல்பு' என்னும் சொல் எல்லை மீறிய ஒவ்வோர் எண்ணையும் நோயாகக் காட்டிவிடுகிறது. இதனைத் தவிர்க்க எண்ணி 'மேற்கோள் இடைவெளி' என்று பெயர்ப்பின், பிறர் கூற்றை எடுத்துரைத்தல் என்ற பொருளும், வெற்றிடம் என்ற பொருளும் குறுக்கிடும். 'ஒப்பீட்டு வரம்பு' என்பதே பொருத்தமுடையது.

இரண்டாவது, 'கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை'. ஏ.எல்.டி. என்னும் நொதி கல்லீரல் செல் சேதமுறும்போது இரத்தத்தில் கசிவது; அது உறுப்பின் செயல்திறனை அளப்பதன்று. நாய், பூனை ஆகியவற்றில் இந்நொதி பயனுள்ள குறியீடு. மாடு, குதிரை ஆகியவற்றின் கல்லீரலில் இதன் அளவு குறைவாதலின் அங்கு இது பயன்படுவதில்லை. இங்குச் சொல் இரு வகையில் பிழைபடுகிறது: சேதத்தைச் செயல் என்கிறது, விலங்கின வேறுபாட்டையும் மறைக்கிறது. 'கல்லீரல் சேத நொதிகள்' என்பதே நேரிய வழக்காகும்.

மூன்றாவது, 'பால் காய்ச்சல்'. கன்று ஈன்ற பசுவின் இரத்தத்தில் கால்சியம் குறைவதால் இந்நோய் உண்டாகிறது. பசு படுத்துவிடும், காது குளிர்ந்திருக்கும், உடல் வெப்பம் பெரும்பாலும் இயல்பாகவோ அதனினும் தாழ்ந்தோ இருக்கும். ஆங்கிலப் பெயரிலேயே இருந்த பிழை தமிழில் மேலும் வெளிப்படையாகிறது. 'காய்தல்' என்னும் வினையடி வெப்பத்தையே சுட்டுவதால், உரிமையாளர் காய்ச்சல் மருந்தை நாட இடமுண்டு. உரிய சிகிச்சையோ சிரைவழிக் கால்சியம்; அது தாமதித்தால் பசு இறக்கவும் கூடும்.

வழக்கில் வேரூன்றிய சொல்லை நீக்கவியலாது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. உழவரின் பேச்சில் 'பால் காய்ச்சல்' நிலைத்திருக்கட்டும். அறிக்கையில் மட்டும் 'ஈற்றுக்காலக் கால்சியக் குறை' என்பதை முதலில் எழுதி, வழக்குச் சொல்லை அதனையடுத்துத் தருதல் தகும். மூலச்சொல்லுக்கு நிகர் தேடுவதோடு மொழிபெயர்ப்பாளர் பணி முடிவதில்லை. அச்சொல் சுட்டும் கருத்து இன்றும் ஏற்புடையதா என ஆராய்தலும் அப்பணியின்பாற்பட்டதே.