ரெட்மேப்பர்: தூரம் சரி, தலைக்கணக்கு சரியா?

நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், கேலக்ஸிகள் ஈர்ப்புவிசையால் கட்டுண்டு கிடப்பதுதான் கேலக்ஸி கொத்து. 1958-ல் ஜார்ஜ் ஏபெல், பாலோமார் புகைப்படத் தகடுகளைக் கண்ணால் பார்த்தே 2,712 கொத்துகளைப் பட்டியல் போட்டார். தூரத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல், கொத்தில் பிரகாசத்தில் பத்தாவதாக வரும் கேலக்ஸி. அது எவ்வளவு மங்கலோ, அவ்வளவு தூரம்.

இன்று அந்த வேலையை நிரல் செய்கிறது. அவற்றில் பிரபலமானது ரெட்மேப்பர். ரைகாஃப் குழுவினர் 2014-ல் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன்.

அடிப்படை எளிமையானது. கொத்துகளில் இருக்கும் பழைய கேலக்ஸிகளில் புது நட்சத்திரம் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். அதனால் எல்லாம் ஒரே மாதிரி சிவப்பு. அவற்றின் நிறமாலையில் 4000 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் ஒளி சட்டென்று குறையும். பிரபஞ்சம் விரிவதால், தூரம் கூடக்கூட அந்தப் படிக்கட்டு சிவப்புப் பக்கம் நகரும். இதுதான் செம்பெயர்ச்சி. வெவ்வேறு ஃபில்டரில் எடுத்த படங்களை ஒப்பிட்டாலே இதை மதிப்பிட்டுவிடலாம்.

ஸ்லோன் படங்களில் இப்படிக் கிடைத்தவை சுமார் 25,000 கொத்துகள். பிழை, செம்பெயர்ச்சி 0.1-ல் 0.006; 0.5 பக்கம் போனால் 0.02. படத்தை மட்டும் வைத்து இவ்வளவு துல்லியம் என்பது பெரிய விஷயம். ஒரு கேலக்ஸி உறுப்பினரா இல்லையா என்று அடித்துச் சொல்லாமல் நிகழ்தகவு கொடுப்பதும் எனக்குப் பிடித்தது. அந்த நிகழ்தகவுகளின் கூட்டலை ஒட்டியதுதான் கொத்தின் 'செழுமை' எண்.

இடறுவதும் அங்கேதான். செம்பெயர்ச்சி 0.3 பக்கம் 0.01 பிழை என்றால், ஆழத்தில் 10 கோடி ஒளியாண்டுக்கு மேல். கொத்தின் அகலமோ சுமார் 1 கோடி ஒளியாண்டுதான். அதுவும் பல கேலக்ஸிகளைச் சேர்த்துப் பார்த்து வரும் துல்லியம். தனி கேலக்ஸிக்கு இன்னும் மோசம். நம் பார்வைக் கோட்டில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு சிறு கூட்டங்களை நிரல் ஒரே பெரிய கூட்டமாக எண்ணிவிடலாம். தூரம் கிட்டத்தட்ட சரியாகவே வரும், தலைக்கணக்கு தப்பிவிடும்.

சின்ன விஷயம் இல்லை இது. 2020-ல் டார்க் எனர்ஜி சர்வே குழு, ரெட்மேப்பர் கொத்துகளை எண்ணி, பிரபஞ்சத்தில் பொருளின் பங்கு சுமார் 18 சதவீதம் என்ற விடைக்கு வந்தது. மற்ற அளவீடுகள் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கின்றன. பிரபஞ்சவியலே தப்பு என்று அந்தக் குழு குதிக்கவில்லை. செழுமை 30-க்குக் குறைவான கொத்துகளில்தான் சிக்கல் என்று நேர்மையாகச் சொன்னது. முன்பின் கலப்பு அதற்கான சந்தேகங்களில் ஒன்று.

என் முடிவு இதுதான்: தூரத்துக்கு இந்தப் பட்டியலை நம்பி எடுங்கள். நிறையைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால், சிறிய கொத்துகளை எக்ஸ்-கதிரிலோ நிறமாலையிலோ சரிபார்க்காமல் சேர்க்காதீர்கள்.