சுவரில் மாட்டிய விகடம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், நார்மன் ராக்வெல் என்ற ஓவியரின் பெயரால் ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. 1916 முதல் 1963 வரை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழுக்கு 300க்கு மேற்பட்ட முகப்புப் படங்கள் தீட்டியவர் அவர். நல்ல தகப்பன், நல்ல பிள்ளை, நிறைந்த சாப்பாட்டு மேசை என்று அந்நாட்டார் தம்மைப்பற்றி எண்ண விரும்பியதையெல்லாம் எழுதிக் கொடுத்தவர். அச்சாலையிலேதான் 2024 ஜூன் முதல் அக்டோபர் வரை 'மேட்' என்னும் விகடப் பத்திரிகையின் மூலச் சித்திரங்கள் 250க்கு மேல் மாட்டப்பட்டிருந்தன. பஜனை மடத்தில் தெருக்கூத்துக்கு இடங்கொடுத்ததுபோல் சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் கடல் கடந்து சென்று கண்டோமில்லை; அப்பத்திரிகையையும் அச்சேறிய படங்களையும் கொண்டே பேசுகிறோம்.

'மேட்' 1952இல் ஹார்வி கர்ட்ஸ்மன் ஆசிரியராகவும் வில்லியம் கெய்ன்ஸ் வெளியிடுவோராகவும் இருக்கத் தோன்றியது. அட்டையில் விலையோடு 'மலிவு' என்னும் சொல்லையும் அச்சிட்டுத் தன்னையே கேலி செய்துகொண்டது. 1957 முதல் 2001 வரை பிறர் விளம்பரத்தை அது ஏற்கவேயில்லை. சோப்புக் கம்பெனியின் பணத்தை வாங்கிக்கொண்டு சோப்பு விளம்பரத்தை எள்ளி நகையாட எவரால் ஆகும்? வாசகர் காசையே நம்பி நின்ற அது, 1970களின் தொடக்கத்தில் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

சுவரில் மாட்டுவதால் ஒரு நன்மை உண்டு. சிரித்துவிட்டு எறியும் தாளின் பின்னால் எத்தனை நாள் உழைப்பு என்பது வெளியாகும். ஆனால் ஒரு படம் அங்கே ஊமையாகிவிடும். அது ஆல் ஜாஃபி 1964இல் தொடங்கிய மடிப்புப் படம். மற்ற இதழ்கள் விரித்துப் பார்க்கும் வண்ணப் படங்களால் பகட்டியபோது, அவர் மடித்துப் பார்க்கும் படத்தைக் கொணர்ந்தார். பக்கத்தை இரண்டிடத்தில் மடித்து ஓரங்களைச் சேர்த்தால், நடுப்பகுதி மறைந்து, முதலில் கேட்ட கேள்விக்கு விடையாக வேறொரு படம் எழும். கீழேயுள்ள வாசகமும் சுருங்கி வேறு பொருள் சொல்லும். பழைய புத்தகக் கடையில் நாம் வாங்கிய பிரதிகளில் யாரோ முன்னரே மடித்த தழும்பு இருக்கும்! ஜாஃபி தடித்த அட்டையில் தீட்டினார். அதை மடிக்க இயலாது. ஆகவே தம் படம் மடிந்து சேர்வதை அச்சான பின்னரே அவர் கண்டார். 2023இல் 102 வயதில் மறைந்த அப்பெரியவரின் கலை வாசகன் விரலில்தான் முடிந்தது. சட்டத்துக்குள் இருப்பது பாதிப் படம்.

இனி, நாம் முக்கியமாகக் கருதும் விஷயம். கெய்ன்ஸ் தாராள மனத்தினர். 1960இல் தம் எழுத்தாளரையும் ஓவியரையும் ஹெய்ட்டித் தீவுக்கு அழைத்துச் சென்று, சந்தாவைப் புதுப்பிக்காத ஒற்றைச் சந்தாதாரர் வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் நின்றார். கேட்க இனிமைதான். ஆனால் ஓவியருக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி. படத்தின் உரிமையெல்லாம் வெளியிடுவோருக்கு. முப்பது ஆண்டுகள் வரைந்த டான் மார்ட்டின், மறுபதிப்பு வருவாயில் பங்கில்லாத மனக்கசப்பால் 1980களின் பிற்பகுதியில் விலகினார். ஊரிலுள்ள எஜமானர்களையெல்லாம் நகைத்த பத்திரிகை, தன் எஜமானத்தனத்தைமட்டும் செல்லமாகவே கிண்டல் செய்தது.

தோட்டத்தாருக்கு இது புதுக்கதையன்று. தீபாவளிக்குத் துரை கொடுத்த ஆட்டுக்கடா வேறு, செக்ரோலில் ஏறும் உரிமை வேறு என்பதைக் கிராணி வேலை பார்க்கும் நாம் நன்கறிவோம். இத்தகைய பொருட்காட்சிகளில், படத்தின் கீழுள்ள சீட்டில் ஓவியர் பெயரும் ஆண்டும் மட்டும் போதா. அவர் பெற்ற கூலி என்ன, படம் பின்னர் யார் கைக்குப் போயிற்று என்னும் ஒரு வரியும் இருக்கவேண்டும் என்பதே நமது கட்சி.