இரட்டையர் தள்ளுவண்டி

இரட்டைக் குழந்தைகளுக்கான தள்ளுவண்டியில் இருக்கைகள் அருகருகே இருக்கும். அல்லது முன்னும் பின்னுமாக இருக்கும். முதல் வகையில் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே காட்சி. ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொள்ளலாம். அந்த இன்பத்துக்கு ஈடில்லை. ஆனால் அகலம் பெரும்பாலும் 75 செ.மீ.யை ஒட்டியிருக்கும். தாம்பரம் சண்முகம் சாலை நெரிசலிலும், குரோம்பேட்டை, சேலையூர் அடுக்ககங்களின் சிறிய லிஃப்ட்டிலும் அது சிக்கும். வாசலை அளந்த பிறகே விலை கேட்க வேண்டும். முன்பின் வகை குறுகலானது. நடைபாதையில் ஏற்றத்தான் கனக்கும்.

வண்டியின் அழகு மடிப்பில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் போர்விமானச் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன், குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை 1965-இல் வடிவமைத்தார். மின்சார ரயிலில் ஏறுவோருக்கு அது பெரும் உதவி. எந்த வகை வண்டியானாலும், கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தைக்கு முழுதாகச் சாயும் இருக்கை கட்டாயம்.